உங்களுக்குப் பங்கு எங்கீங்க?

கண்ணு,

இங்கே நான் சுகம். இடது முட்டி மட்டும் சுகமில்லை, அதை விட்டுவிடு. நீ ஒசூரில் சுகமாகத்தான் இருப்பாய். போனிலேயே சொல்லித் தொலைக்கலாமே, இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ கேட்பது இங்கே காதில் விழுகிறது. போனில் நீ எப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டுதான் பேசுகிறாய். நடுவில் எவனாவது ஹாரன் அடிக்கிறான், நான் சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. கடத்தூர் - தர்மபுரி பஸ்ஸில் ஓய்வு பெறும் வரை விசில் ஊதியும் கத்தியும் பிழைத்தவன் நான். எனக்குச் சத்தமாகத்தான் பேச வரும், சத்தமாகப் பேசினால் உனக்குச் சண்டை போடுவதுபோல் இருக்கும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. தவிரவும் நீ கேட்டது என் கையெழுத்தை. கேட்டதற்கு மேலாகவே தருகிறேன், பக்கம் பக்கமாகப் படித்துக்கொள்.

நீ வைத்துவிட்டுப் போன வக்காலத்துக் காகிதம் பிரிட்ஜ் மேல் அதே இடத்தில் இருக்கிறது. தாத்தா நிலத்தில் நம் பாதியைப் பிரித்துத் தரச் சொல்லி உன் பெரியப்பன் மேல் வழக்குப் போட வேண்டும், அதற்கு நான் வக்கீலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். "மூணாவது ஓலை வாசிக்கறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்கப்பா. கல்யாணம் ஆயிட்டா இதையெல்லாம் பாக்க நேரமிருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாய். நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இரண்டாவது ஓலை வாசித்தாயிற்று. இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மணம் முடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஃபாதர் வாசித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. உன்னை நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள், இருந்தும் சும்மா இருந்தார்கள். நம் ஊருக்குப் பெரிய மனசு.

இந்தப் பேச்செல்லாம் பாப்பாரப்பட்டியில்தான் முற்றியது. சம்பந்தம் பேச ஸ்டெல்லா வீட்டுக்கு நீயும் நானும் முதல் தடவை போன நாள் அது. அன்று காலை அதியமான்கோட்டையில் பெரிய ரோடு ஏறும்போதே நீ நிலத்துப் பேச்சை எடுத்தாய். ஓரத்தில் கலர் கல் நட்டுப் போட்டிருந்த மனைகளைக் காட்டி, "பெரியப்பா வெச்சிருக்கற காடு இதே ரோட்டுக்குத்தான் வருதுப்பா. பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்குது. பாதி நம்முளுது" என்றாய். "எனக்கு எதுக்குடா அதெல்லாம், இருக்கறது போதும்" என்று நான் வழக்கம்போல் சொன்னேன். நீயும் வழக்கம்போல் பாட்டுப் போட்டுவிட்டாய். ஆனால் பாட்டுக்கு அடியில் அந்தப் 'பாதி' என் காதுக்குள் ஓடிக்கொண்டேதான் வந்தது.

அவர்கள் வீட்டில் புளி வியாபாரம். நுழையும்போதே மூட்டைகளின் வாசம் வாயில் எச்சில் ஊற வைத்தது. மிக்சர் வந்தது, லட்டு வந்தது, காப்பி வந்தது. ஸ்டெல்லாவின் அப்பா மரியாதை தெரிந்த மனுஷன். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, பேச்சை எங்காவது ஆரம்பிக்க வேண்டுமே என்று என்னைக் கேட்டார்: "உங்களுக்குப் பங்கு எங்கீங்க?"

நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்கிற கேள்விதான். எந்தக் கோயிலைச் சேர்ந்தவர், எந்தச் சாமியாருக்குக் கீழே வருகிறவர் என்று தெரிந்துகொள்ளக் கேட்பது. பஸ்ஸில் கழுத்தில் செபமாலையோடு யாராவது ஏறினால் டிக்கெட் கிழிப்பதற்கு முன் நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. சொத்தில் பங்கு எங்கே என்றுதான் கேட்டது.

"பங்குங்களா? பங்கு எங்கீங்க இருக்குது? கெணத்துக்காடு, ரோட்டோரத்துக்காடு ரெண்டும் எங்கண்ணன் கையில. நமக்கு அந்த மேட்டுக்காடு. ஒரே கல்லு. ரெண்டு புளியமரம் நிக்குது, அதுலயும் ஒண்ணு காய்க்காது. உத்தியோகம் பாக்கறவனுக்கு நெலம் எதுக்குன்னு சொல்லிப்புட்டாங்க. நானும் போனாப் போவுதுன்னு வுட்டுட்டேன். மோட்டாரு கூட எங்கப்பா வெச்சதுதாங்க, அண்ணன் வெச்சதில்ல..." என்று நான் பாட்டுக்கு ஓட்டினேன். கரண்டு கனெக்‌ஷன் யார் பேரில் இருக்கிறது, வரப்பு எந்தப் பக்கம் நகர்ந்தது, எதையும் விடவில்லை. அந்த மனுஷன் லட்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஸ்டெல்லாவின் அம்மாதான் இடையில் வந்தார். "இல்லீங்கண்ணா, எந்த ஃபாதருகிட்ட வருதுன்னு கேட்டாருங்க. ஓலை அனுப்பணுமில்லீங்களா."

உள்ளே அடுப்படியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்டெல்லாவாகத்தான் இருக்கும். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. "அதுக்கென்னங்க, எல்லா வூட்லயும் உள்ளதுதான்" என்று சம்பந்தி லட்டைக் கடித்தார். நீ தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். போன் அணைந்திருந்தது, அதையும் நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது இண்டூர் தாண்டிய பிறகு நீ சொன்னாய்: "போதும் போதும்னு சொல்றீங்க. புளியமரத்த உலுக்குன மாதிரி கொட்டுனீங்களேப்பா. உள்ள இத்தனை வெச்சுக்கிட்டு வெளிய எதுக்கு இந்த வேஷம்? கேஸ் போட்டாத்தான் உங்களுக்கே நிம்மதி." நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு நீ பொய் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பல நாள் இதையே யோசித்தேன். யோசிக்க எனக்கு வேறு வேலையும் இல்லை. திருப்தி, திருப்தி என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையிலேயே திருப்திதானா, இல்லை அண்ணனை எதிர்க்கத் துணிவில்லாமல் போட்டுக்கொண்ட நல்ல சட்டையா என்பதுதான் கேள்வி. உனக்குப் பதில் சொல்வதற்கு முன் எனக்கே பதில் தெரிய வேண்டியிருந்தது. ஆகவே பழைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும், மீதியைத் தெரிந்துகொள்.

உன் தாத்தா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கோயில் முன் உட்கார்ந்து பேசினார்கள். எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அண்ணனுக்கு விவசாயம், தம்பிக்குச் சம்பளம், ஆகவே தண்ணீர் உள்ள நிலம் அண்ணனுக்கு என்றார்கள். நான் சரி என்றேன். எனக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது, தோளில் தோல்பை, கையில் விசில், நானே பஸ் முதலாளி என்கிற நினைப்பு. எல்லாம் பேசி எழுந்திருக்கும்போது யாரோ கேட்டார்கள், "சிலுவை யாருக்குப்பா?"

நம் வீட்டைச் சிலுவைக்காரன் வூடு என்று ஏன் சொல்கிறார்கள் என்று சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய். ஊரில் நம் ஆட்கள் யார் செத்தாலும், வீட்டிலிருந்து கல்லறைக்குப் போகும்போது சவப்பெட்டிக்கு முன்னால் சிலுவை போக வேண்டும். அந்தச் சிலுவை கோயிலில் இருப்பதில்லை, நம் வீட்டில் இருக்கிறது. தூக்குவது நம் வீட்டு ஆள். ஊரில் கோயில் கட்டுவதற்கு முன்னாலேயே, சாமியார் எப்போதாவது குதிரையில் வந்த காலத்திலேயே இது தொடங்கியது என்பார்கள். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம், வேங்கை மரம். மேலே உள்ள பாடுபட்ட இயேசுவின் சுரூபம் பித்தளை. ஊர் மக்கள் தொட்டுத் தொட்டு முத்தமிட்டதில் கால் விரல்கள் தேய்ந்து ஒன்றாகிவிட்டன. உன் பெரியப்பன் அதை வேண்டாம் என்றான். "தண்ணி பாயறப்ப எவனாச்சும் செத்தா நான் மடைய வுட்டுட்டு ஓட முடியுமா? தம்பியே வெச்சுக்கட்டும்" என்றான். இப்படித்தான் அது எனக்கு வந்தது. தங்கத்தட்டில் வைத்து யாரும் தரவில்லை. பந்தி முடிந்து மிஞ்சியதை மடித்துக் கொடுத்த மாதிரிதான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் சாத்தினேன். "அண்ணனுக்கு நெலம், உங்களுக்குச் சிலுவையா? நல்ல பாகப்பிரிவினை" என்று உன் அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பழைய சேலையைக் கிழித்து அதற்கு ஒரு உறை தைத்தாள்.

சிலுவைக்காரனுக்கு மூன்று கட்டுப்பாடு உண்டு. சாவுச் செய்தி வந்தால் எந்த வேலையாக இருந்தாலும் போக வேண்டும். கல்லறை வாசல் வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. மூன்றாவதுதான் பெரிது, அவனுக்கு ஊரில் பகை வீடு கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாத வீடு இருக்கலாம், மனத்தாங்கல் இருக்கலாம், ஆனால் போலீசு, கோர்ட்டு என்று ஒரு வீட்டின் மேல் போய்விட்டால் அந்த வீட்டுச் சாவுக்கு அவன் முன்னால் நடக்க முடியாது. ஒரு வீட்டுக்கு நடக்க முடியாதவன் எந்த வீட்டுக்கும் நடக்கக் கூடாது. சிலுவையைக் கோயிலில் கொண்டுபோய்ச் சாத்திவிட வேண்டியதுதான். உன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அன்றே நான் செய்ய வேண்டிய வேலை அது. உனக்கு இது தெரிந்திருக்காது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, வக்கீலுக்கும் தெரியாது.

பகை வீடு கிடையாது என்பது சொல்ல எளிது. கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் நம் ஊர்க்காரன் ஒருவன் சில்லறைக்காக என் சட்டையைப் பிடித்தான். ஊரே பார்க்க மேல் பட்டன் தெறித்து விழுந்தது. அந்த மாதமே அவன் அப்பா செத்துப்போனார். போகவே பிடிக்கவில்லை. "அவன் வூட்டுக்கா? மானம் இருக்குதா எனக்கு?" என்று உன் அம்மாவிடம் கத்தினேன். "மானத்தை இங்க வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அதே காக்கிச் சட்டை, பட்டன் தைக்காமல் அப்படியே. சிலுவையோடு அவன் வாசலில் நின்றேன். அவன் வெளியே வந்தான், சிலுவையைப் பார்த்தான், பிறகு என் சட்டையைப் பார்த்தான். சுரூபத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். அன்றிலிருந்து அந்த ஆள் சரியான சில்லறை வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவான். மனந்திரும்புதல் என்று சாமியார்கள் மணிக்கணக்காகப் பேசுவதை நான் அந்த ஒரு சில்லறையில் பார்த்துவிட்டேன்.

முன்னால் நடக்கிறவனுக்குப் பின்னால்தான் எல்லாமே நடக்கும். அழுகை, பாட்டு, செபம், குடும்பச் சண்டை எல்லாம் முதுகுக்குப் பின்னால். முன்னால் வெறும் ரோடு. எதிரே வருகிற மொபெட் ஓரங்கட்டும். கடைக்காரர்கள் பாதிக் கதவை இறக்குவார்கள். நம் மதம் இல்லாத ஆட்கள்கூடக் காட்டில் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள். ஒரு முறை நான் வேலை பார்த்த பஸ்ஸே எதிரே வந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். முதல் நாள் சாயங்காலம் வரை என்னை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டியவர் அவர். எனக்காக இறங்கவில்லை, என் கையில் இருந்ததற்காக இறங்கினார். அது எனக்கு நன்றாகத் தெரிந்ததால் எனக்குத் தலைக்கனம் ஏறவில்லை.

இப்போது நீ கேட்ட வேஷத்துக்கு வருகிறேன். யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. திருப்தி என்பது என் குணம் இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் எனக்கும் ரோட்டோரத்துக்காடு ஞாபகம் வருகிறது. தக்காளி விலை ஏறினால் அண்ணனுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று மனசு கூட்டிப் பார்க்கிறது. விலை இறங்கினால், சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. ஆனால் அந்தச் சிலுவையைத் தூக்கி நடக்கும்போது, சாவு வீட்டிலிருந்து கல்லறை வரைக்கும், எனக்கு ஒன்றுமே வேண்டியிருந்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை. வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கவில்லை. தேடிப் பார்த்தாலும் ஆசை அகப்படாது, அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் அதைச் சாத்திவிட்டுக் கைகால் கழுவிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஆகவே என் திருப்தி என்னுடையது இல்லை கண்ணு. அது அந்தச் சிலுவையோடு வந்த சீதனம். அதைக் கொண்டுபோய்க் கோயிலில் சாத்திவிட்டால் எனக்கு மேட்டுக்காடு மட்டும்தான் மிஞ்சும், அப்போது உன் வக்கீல் வந்தாலும் என்னைக் காப்பாற்ற முடியாது.

நேற்றுப் பூசையில் புது ஃபாதர் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் எல்லாக் குலத்துக்கும் நிலம் பிரித்துக் கொடுத்தார்களாம், ஒரு குலத்துக்கு மட்டும் கிடையாதாம், கடவுளே அவர்களுக்குப் பங்கு என்றாராம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர், "கேக்க நல்லாத்தான் இருக்குது, கொழம்புக்கு ஆவாது" என்று முணுமுணுத்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் சொன்னதும் சரி, ஃபாதர் சொன்னதும் சரி. எனக்குக் குழம்புக்குப் பென்ஷன் இருக்கிறது, அதனால் நான் ஃபாதர் பக்கம் சாய்வது சுலபம். உனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, நீ கிழவர் பக்கம் சாய்வதிலும் நியாயம் இருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை.

உன் பெரியப்பனிடம் நான் ஒரு வார்த்தை கேட்காமல் இல்லை. முதல் ஓலை வாசித்த வாரம் போனேன். மோட்டார் ரூம் பக்கத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் தக்காளிக் கூடைகள். "வாடா" என்றான். "அண்ணா, பையன் பாகம் கேக்கறான்" என்றேன். அவன் தண்ணீர் விழுவதைப் பார்த்தான். "பசங்களக் கேக்கணும்டா. இப்பெல்லாம் மோட்டாரு போடறதுக்கே அவனுங்களத்தான் கேக்கறேன்" என்றான். பிறகு, "ஓலை வாசிச்சாச்சாமே? நான் பூசையில தூங்கிப்புட்டேன்" என்றான். எழுந்து வரும்போது ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தான். "எடுத்துட்டுப் போ. வெலையில்ல, சும்மாதான் கெடக்குது." விலை இருந்திருந்தால் கொடுத்திருப்பானா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சிலுவை கையில் இல்லாத நேரம், அப்படித்தான் யோசனை போகும். பெரியப்பன் பையன்கள் தானாக ஒரு சென்ட் தர மாட்டார்கள், அதையும் உனக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாவிட்டால் அந்த நிலம் நமக்கு வராது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இனி மிச்சம் இருப்பது உன் அம்மா போன நாள்.

அன்று நீ சவப்பெட்டியின் தலைமாட்டில் ஒரு கைப்பிடியைப் பிடித்து நின்றாய். நான் கதவுக்குப் பின்னாலிருந்து சிலுவையை எடுத்தேன், உறையைக் கழற்றினேன். அவள் தைத்த உறை. சொந்த வீட்டுச் சாவானாலும் சிலுவைக்காரன்தான் நடக்க வேண்டும், உன் தாத்தாவும் உன் ஆயாவுக்கு நடந்தவர்தான். அதனால் முன்னால் போய் நின்றேன். அப்போது உன் பெரியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அப்போது எனக்கும் அவனுக்கும் சரியாகப் பேச்சுகூட இல்லை. கையை நீட்டினான். "குடுடா. நீ போயி பையன்கூட நட" என்றான். நான் தயங்கினேன். "குடுங்கறேன்ல" என்று என் விரல்களைப் பிரித்து வாங்கிக்கொண்டான். தண்ணீர் மடையை விட்டு வர முடியாது என்று ஒரு காலத்தில் வேண்டாம் என்று சொன்னவன். நான் பின்னால் வந்து உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். கல்லறை வரைக்கும் நாம் இரண்டு பேரும் அப்படியே நடந்தோம். அது உனக்கு ஞாபகம் இருக்கும்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ தலையைத் தூக்கவே இல்லை, அதனால் பார்த்திருக்க மாட்டாய். ஏரிக்கரை திரும்பும் இடத்தில் அவன் நின்றான். சிலுவையைப் பிடித்தபடி, ஊரே பார்க்க, முழுசாகத் திரும்பிப் பார்த்தான். கூட்டம் சலசலத்தது. "அய்யோ, திரும்பக் கூடாதுப்பா" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவன் காதில் வாங்கவே இல்லை. கண்ணை ஓட்டித் தேடினான், என்னைப் பார்த்தான், பிறகு திரும்பி நடந்தான். மண் போட்டு முடிந்த பிறகு நான் அவனைக் கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்குக் கட்டுப்பாடுதான் பெரிதாகத் தெரிந்தது. "சிலுவை தூக்குறவன் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு தெரியாதாண்ணா உனக்கு?" அவன் சிலுவையை என் கையில் கொடுத்தான்.

"நீ வர்றியான்னு பாத்தேன்" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரமே வரப்புத் தகராறில் இரண்டு பேரும் மறுபடி முறைத்துக்கொண்டோம். பங்கு இருப்பதால்தானே பங்காளி என்று பேர், முறைக்காமல் இருக்க முடியுமா? ஆனால் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாப்பாரப்பட்டியில் பங்கு எங்கே என்று கேட்டபோது வரப்பையும் மோட்டாரையும் சொன்ன வாய்க்கு இது வரவில்லை. வந்திருக்க வேண்டியது இதுதான். ஆண்டவர் எனக்கு அளந்து கொடுத்ததில் ஒரு பகுதி கதவுக்குப் பின்னால் நிற்கிறது, இன்னொரு பகுதி ஏரிக்கரைத் திருப்பத்தில் என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தது. அந்த மனுஷனைத் தர்மபுரி கோர்ட்டுப் படியில் ஏற்றி, பேர் சொல்லிக் கூப்பிட வைக்க என் கை எழுதாது. இதை நான் நல்லவன் என்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எழுதாது. போன வாரம் பேனாவை எடுத்துப் பார்த்தேன்.

ஆகவே காகிதத்தை இந்தக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்புகிறேன். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது. எனக்குப் பிறகு உன் பாதியை நீ கேட்கலாம், சட்டம் தடுக்காது. ஓலையில் கேட்பதுபோல் தடை உண்டா என்று கேட்டால் நானும் எழுந்து நிற்க மாட்டேன். வழக்கைத் தொட்டவன் சிலுவையைத் தொட முடியாது, அது மட்டும் நினைவிருக்கட்டும். சிலுவையை நீதான் தூக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். நீ ஒசூரில் இருக்கிறாய், சாவுக்குச் சாவு லீவு போட்டு வர முடியுமா? யாராவது தூக்குவார்கள். ஆண்டவருக்கு ஆள் பஞ்சம் வந்ததில்லை. ஸ்டெல்லாவிடமும் இதைப் படித்துக் காட்டு. சிரிக்கிற இடத்தில் சிரிக்கத் தெரிந்த பெண், மற்ற இடத்தையும் புரிந்துகொள்வாள்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை. நம் ஊர்ப் பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகன் என்று ஃபாதர் உன் பேரை வாசிப்பார். அந்தப் பங்கு போதுமா என்று நீயே முடிவு செய்துகொள், அவசரமில்லை. பெரியப்பன் கல்யாணத்துக்கு வருகிறான், முன் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், தூங்கினாலும் பரவாயில்லை. தாலி கட்டி முடிந்ததும் கோயிலிலிருந்து நம் வீடு வரைக்கும் பேண்டு வாத்தியத்தோடு நடந்துதான் வர வேண்டும், கார் கிடையாது. முட்டி வலித்தாலும் நான்தான் முன்னால் நடப்பேன், பழக்கம் அப்படி. கையில் சிலுவை இருக்காது, அது கல்யாண ஊர்வலம். ஏரிக்கரை திரும்பும்போது நான் நின்று திரும்பிப் பார்த்தால் எதற்கு என்று கேட்காதே. நீ வருகிறாயா என்று பார்ப்பேன்.

உன் அப்பா